விழுந்தவனைப் பார்த்தவள்: ஒரு மென்மையான மர்ம நாவலைப் பற்றிச் சில ஐயங்கள்

மாடிவீட்டு வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் எட்டுப் பெண்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகத்தைப் படித்துப் பேசி வருகிறோம். இந்த மாதம் எடுத்துக்கொண்டது, அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதி 2004இல் வெளிவந்த ‘த சண்டே ஃபிலாசஃபி கிளப்’ என்ற ஆங்கில நாவல். இவர் போட்ஸ்வானாவில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் பெண்மணியைப் பற்றிய கதைகளால் உலகப் புகழ் பெற்றவர். இந்த நாவல் அந்த வரிசையைச் சேர்ந்தது அன்று. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் நடக்கும் வேறொரு வரிசையின் முதல் நூல்.

படிக்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இசபெல் டல்ஹவுசி நாற்பதை ஒட்டிய வயதுடையவர், தத்துவம் படித்தவர், நடைமுறை அறவியலுக்கான ஓர் இதழின் ஆசிரியர். ஒரு மாலை அஷர் ஹால் என்ற இசை அரங்கில் ஐஸ்லாந்து இசைக்குழு ஒன்றின் கச்சேரி முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருக்கும்போது, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மாடத்திலிருந்து ஓர் இளைஞன், தலைமுடி கலைந்து, சட்டை மேலேறிக் கிடக்க, தலைகீழாக விழுவதை அவர் பார்த்துவிடுகிறார். அவன் இறந்துபோகிறான். போலீசார் அதை விபத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இசபெலுக்கு மனம் ஆறவில்லை. அந்த இளைஞன் இவ்வுலகில் கடைசியாகப் பார்த்த முகம் தன்னுடையதாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அவனுக்குத் தான் ஏதோ கடன்பட்டிருப்பதாகவும் அவர் எண்ணுகிறார். அங்கிருந்துதான் விசாரணை தொடங்குகிறது.

எங்கள் கூட்டத்தில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. ‘இதில் துப்பும் இல்லை, துலக்கமும் இல்லை, ஒரு பணக்காரப் பெண் காப்பி குடித்துக்கொண்டே யோசிக்கிறாள், அவ்வளவுதான்’ என்று ஒருவர் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த யோசனைகள்தாம் பிடித்திருந்தன. ஆகவே என் ஐயங்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாவைப் பற்றி இவர் வீடு வீடாகப் போய் விசாரிப்பது கடமையா, அல்லது ஊர்வம்பா? இரண்டாவதாக, எனக்கு மிகவும் உறுத்திய இடம் ஒன்று இருக்கிறது. இசபெலின் அண்ணன் மகள் கேட், பாலாடைக்கட்டி, ஆலிவ், ரொட்டி முதலியவற்றை விற்கும் கடை ஒன்றை நடத்துகிறாள். அவளுடைய காதலன் டோபி என்பவனை இசபெலுக்குப் பிடிக்காது. அவன் போட்டுக்கொண்டு வரும் நசுங்கிய ஸ்ட்ராபெரி நிறக் கால்சட்டையைக்கூடப் பிடிக்காது. ஒரு நாள் தெருவில் அவனைக் கண்டவர், வெட்கத்தோடே பின்தொடர்ந்து போய், அவனுக்கு வேறொரு பெண்ணோடும் உறவிருப்பதைத் தெரிந்துகொள்கிறார். இதைக் கேட்டிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா? மூன்றாவது, கேட் கைவிட்ட பழைய காதலனான ஜேமி என்ற இசைக்கலைஞன் மீது, தன்னைவிடப் பதினான்கு பதினைந்து வயது இளையவன் மீது, இசபெலுக்கு மெல்ல உண்டாகும் அன்பு நம்பும்படியாக இருக்கிறதா?

நான் ஏன் இந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் ஓர் அலமாரிதான் நூலகம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வைக்கலாம். சில மாதங்களுக்கு முன் அதிலிருந்து எடுத்த சமையல் புத்தகம் ஒன்றில், புளிக்காய்ச்சல் செய்முறை இருந்த பக்கத்தில், நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பழைய ரசீது என்று நினைத்துப் பிரித்தேன். எதிர்வீட்டு அம்மாளின் பெயரில் எடுத்த ஸ்கேன் அறிக்கை அது. நாலு வரி படித்த பிறகுதான் படிக்கக் கூடாததைப் படிக்கிறேன் என்று உறைத்தது. அதே மடிப்பில் மடித்து, அதே பக்கத்தில் வைத்து, புத்தகத்தை அலமாரியில் சேர்த்துவிட்டேன். அவர் இதைப் பற்றி யாரிடமும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தினமும் காலையில் பால் பாக்கெட் எடுக்கும்போது ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்கிறேன். ‘நல்லா இருக்கேன்’ என்கிறார். அந்தக் கேள்வியை நான் முன்பு கேட்டதுபோல இப்போது கேட்க முடியவில்லை.

இந்த நாவலை வாசித்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் மகிழ்வேன். இளைஞன் எப்படி விழுந்தான் என்ற முடிச்சை மட்டும் தயவுசெய்து அவிழ்க்க வேண்டாம். எங்கள் கூட்டத்தில் இருவர் இன்னும் பாதியில் இருக்கிறார்கள்.

பழைய மர்மப்பிரியர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் உங்கள் தோழியின் கட்சி. ஐம்பது ஆண்டுகளாகத் துப்பறியும் கதைகளைப் படித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மர்மக் கதை வாசகனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. தடயங்களை முன்னாலேயே கண்ணில் காட்டிவிட்டு, நம் கவனத்தை வேறு பக்கம் திருப்பி, இறுதியில் ‘அட, இது நம் கண்ணெதிரேயே இருந்ததே’ என்று நம்மைச் சொல்லவைக்க வேண்டும். இந்த நாவலில் அந்த ஒப்பந்தம் பாதியிலேயே மறக்கப்படுகிறது. இறந்த இளைஞன் வேலை பார்த்தது முதலீட்டு நிதிகளை நிர்வகிக்கும் ஒரு நிறுவனத்தில். அங்கே யாரோ இன்சைடர் டிரேடிங், அதாவது வெளியே தெரியாத உள்தகவலை வைத்துப் பங்குகளை வாங்கி விற்பது, செய்வதை அவன் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நல்ல சரடு ஒன்று கிடைக்கிறது. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதைகளை வாசித்து வளர்ந்த எவரும் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. உடனே இசபெல் வீட்டுக்குப் போய்க் குறுக்கெழுத்துப் புதிரை எடுத்துக்கொள்கிறார். தோட்டத்துக்கு வரும் நரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னொரு குறையும் உண்டு. இசபெலுக்கு அமெரிக்கத் தாய்வழிச் சொத்து இருக்கிறது. சம்பளத்துக்காக எழ வேண்டிய காலை ஒன்றுகூட அவருக்கு இல்லை. வீட்டைக் கவனிக்க கிரேஸ் இருக்கிறார். பொய் சொல்லலாமா, கூடாதா என்று ஒரு பிற்பகல் முழுவதும் ஆராய்வதற்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வை யார் உழைத்துத் தருகிறார்கள் என்பதை நாவல் ஒரு வரியில் சிரித்துக் கடந்துவிடுகிறது. உண்மையில் அந்த வீட்டில் அறத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுவது கிரேஸ்தான். தப்பு என்றால் தப்பு. அவ்வளவுதான் அவருடைய தத்துவம். ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்கு அவர் போய்வருவதை வைத்து ஆசிரியர் நம்மைச் சிரிக்கவைத்தாலும், முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் நான் கிரேஸையே நம்புவேன்.

நாவலின் பெயரே ஒரு கிண்டல் என்பதைக் கவனித்தீர்களா? அந்த ஞாயிற்றுக்கிழமைத் தத்துவச் சங்கம் கூடுவதே இல்லை.

எடின்பரோவாசி எழுதியது:

வணக்கம். வேலை நிமித்தம் எடின்பரோவில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். பெரியவர் சொன்ன குறைகளில் ஓய்வைப் பற்றியது சரி. ஆனால் ‘துப்பு இல்லை’ என்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தத் துப்பு வேறு வகையானது, அதைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் அளவு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அஷர் ஹால் லோதியன் சாலையில் இருக்கிறது. ஆண்ட்ரூ அஷர் என்ற விஸ்கி வியாபாரி 1896இல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்து, ஊருக்கு ஓர் இசை அரங்கு வேண்டும் என்றார். கட்டடம் 1914இல்தான் திறக்கப்பட்டது, அதற்குள் அவர் காலமாகிவிட்டார். வட்ட வடிவமான கட்டடம் என்பதால், மேல் மாடத்தில் உட்கார்ந்தால் மேடையைவிட எதிர்ப்பக்கத்து முகங்கள்தாம் நன்றாகத் தெரியும். படிகள் செங்குத்தாக இறங்கும். முதல் முறை அங்கே உட்கார்ந்தபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே குனிந்து பார்த்து, வயிறு கலங்கி, உடனே பின்னால் சாய்ந்துவிட்டேன். கூரையை ஒட்டிய அந்த மலிவுவிலை இருக்கைகளை இங்குள்ளவர்கள் பேச்சுவழக்கில் ‘கடவுளர்’ என்றே சொல்வார்கள். கடவுளரிடமிருந்து ஒருவன் விழுகிறான் என்று முதல் வரியிலேயே ஆசிரியர் சிலேடை வைக்கிறார்.

அங்கிருந்து டோல்கிராஸ் வழியாக மேடேறினால் ப்ரன்ட்ஸ்ஃபீல்ட். கேட்டின் கடையை ஆசிரியர் அங்கேதான் வைத்திருக்கிறார். அதற்கு அப்பால், மரங்கள் சூழ்ந்த பெரிய கல்வீடுகள் உள்ள மெர்கிஸ்டன்; இசபெலின் வீடு. அரை மணி நேர நடைக்குள் நாவல் முழுவதும் அடங்கிவிடும். இந்த நகரம் பிரிட்டனில் லண்டனுக்கு அடுத்த பெரிய நிதி மையம். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் முதலீட்டு நிறுவனங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கே வேரூன்றியவை. ஆனால் அந்தத் தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் ஒரே சில பள்ளிகளில் படித்து, ஒரே கச்சேரிகளுக்குப் போய், ஒருவர் வீட்டு விருந்தில் இன்னொருவரைப் பார்ப்பவர்கள். ஆகவே இங்கே துப்பறிவதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியதில்லை. யாரை யாருக்குத் தெரியும் என்பது தெரிந்தால் போதும். அதே காரணத்தால் ஒரு சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வதும் இங்கே ஆபத்தானது. மறுநாள் காலையில் அது சந்தேகத்துக்கு உரியவரின் காதுக்கே போய்விடும்.

அறத்தைப் பற்றி ஒரு சொல். இந்த ஊரின் பெரிய தெருவில் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூமின் சிலை இருக்கிறது. தொட்டால் அறிவு வரும் என்று நம்பி மாணவர்களும் சுற்றுலாப் பயணிகளும் தேய்த்ததில் அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் பொன்போலப் பளபளக்கிறது. மூடநம்பிக்கைகளைக் கேள்வி கேட்டவருக்கு வந்த கதியைப் பாருங்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் ஆடம் ஸ்மித்தின் கல்லறை. பொருளாதார நூலுக்கு முன்னதாக 1759இல் அவர் எழுதியது அற உணர்வுகளைப் பற்றிய நூல். நாம் ஒன்றைச் செய்யும் முன், நம்மை வெளியிலிருந்து பார்க்கும் பக்கச்சார்பற்ற ஒரு பார்வையாளரை நமக்குள்ளேயே கற்பித்துக்கொள்கிறோம் என்பது அதன் மையக் கருத்து. இசபெல் டோபியைப் பின்தொடரும்போது படும் வெட்கம், அந்தப் பார்வையாளர் விழித்துக்கொண்டதன் அடையாளமாக எனக்குப் பட்டது.

டல்ஹவுசி என்ற பெயரைக் கண்டதும் தஞ்சாவூர்க்காரனான எனக்கு எரிச்சல் வந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. வாரிசு இல்லை என்று சொல்லி 1855இல் எங்கள் ஊர் அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது கவர்னர் ஜெனரலாக இருந்தவரின் பட்டப்பெயர், இந்த ஊருக்குத் தெற்கே உள்ள ஒரு கோட்டையின் பெயர்தான். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடலாமா என்று இருநூறு பக்கங்களுக்கு மேல் தயங்குகிறவருக்கு அந்தப் பெயர் வாய்த்திருக்கிறது!

கீழமை நீதிமன்ற வழக்கறிஞர் எழுதியது:

கேள்வி கேட்ட சகோதரிக்கு வணக்கம். கடமையா, வம்பா என்ற முதல் கேள்விக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து சிறிது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்த நாவலாசிரியர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். இன்னொரு பேராசிரியரோடு சேர்ந்து அவர் எழுதிய மருத்துவச் சட்டமும் அறவியலும் பற்றிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. யுனெஸ்கோவின் உயிரி அறவியல் குழுவிலும் இருந்திருக்கிறார். ஆகவே இசபெல் எதையாவது ‘சட்டப்படி’ செய்யாமல் விடுகிறார் என்றால், அது ஆசிரியர் அறியாமல் விட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் இங்கிலாந்தைப்போல ‘கரோனர்’ என்ற அதிகாரி கிடையாது. திடீர் மரணங்களை விசாரிப்பது ‘புரொக்யுரேட்டர் ஃபிஸ்கல்’ என்ற அரசுத் தரப்பு அதிகாரியின் பொறுப்பு. அவர் திருப்தி அடைந்துவிட்டால் கோப்பு மூடப்படும். இசபெல் உள்ளே நுழைவது அந்த மூடிய கோப்புக்கும் மூடாத மனத்துக்கும் இடையில்தான். இன்சைடர் டிரேடிங் குற்றம் பிரிட்டனில் 1993ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. நாவல் வெளிவந்த காலத்தில் அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அதனால், ஒருவனைக் கொலை செய்யும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு, வாழ்க்கை முழுவதையும் இழக்கும் அளவுக்குப் பெரியதுதான் என்பது பதில்.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு. ஒரு குற்றம் நடந்ததை அறிந்த குடிமகன் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற பொதுவான சட்டக் கடமை பிரிட்டனில் இல்லை; பயங்கரவாதம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. நம் நாட்டிலோ பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, கொலை உள்ளிட்ட சில குற்றங்களை அறிந்தவர் தகவல் தர வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது 33ஆம் பிரிவாக இருக்கிறது. நடைமுறையில் சாட்சி சொல்ல வருவதற்கே ஆட்களைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. இசபெல் மதுரையில் இருந்திருந்தால், நாவலின் கடைசிப் பகுதியில் அவர் எடுக்கும் முடிவு அறவியல் இதழுக்கான கட்டுரையாக மட்டும் நின்றிருக்காது. முடிச்சை அவிழ்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை. படித்து முடித்த பிறகு, ‘அந்த இடத்தில் அவர் அப்படிச் செய்யலாமா?’ என்பதை உங்கள் கூட்டத்தில் அவசியம் விவாதியுங்கள். செய்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.

டோபி விஷயத்தில் ஒன்று. எங்கள் தொழிலில், தவறான வழியில் கிடைத்த சாட்சியத்தை ஏற்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும், வழி எப்படியிருந்தாலும் சாட்சியம் வழக்குக்குத் தொடர்புடையதா என்றே பார்த்து வந்திருக்கின்றன. ஆனால் அத்தைக்கும் மருமகளுக்கும் இடையில் நீதிபதி இல்லை. ‘உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்ற முதல் கேள்விக்கே இசபெல் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவார்.

மாடிவீட்டு வாசகி எழுதியது:

வழக்கறிஞர் ஐயாவின் கடைசி வரியைப் படித்ததும் சமையல் புத்தகத்தைப் பற்றிய என் உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தது. ‘உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. தாள் தற்செயலாகக் கிடைத்தது என்று சொல்லலாம். ஆனால் பிரித்தது தற்செயல் அன்று. பெயரைப் பார்த்த பிறகும் நாலு வரி படித்தது நிச்சயமாகத் தற்செயல் அன்று.

பெரியவருக்கு ஒரு சொல். கிரேஸைப் பற்றி நீங்கள் சொன்னது சரியே. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், பெயர் சொல்லாமல் இந்த விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். ‘உடம்பு முடியாதவங்க வீட்டுக்குக் காரணம் சொல்லிட்டா போவாங்க? ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

மகளே, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நாவலை என் பேத்தியின் உதவியோடு சென்ற ஆண்டு படித்தேன்; ஆங்கிலம் கடினமில்லை, இடையிடையே வரும் தத்துவப் பெயர்கள்தாம் கடினம்.

இசபெல் தன் கடமைக்குச் சொல்லும் காரணம், ‘அற அண்மை’ என்று மொழிபெயர்க்கத்தக்க ஒரு கருத்து. உலகத்தில் உள்ள அனைவருக்கும் நாம் கடன்பட்டிருக்க முடியாது. ஆனால் நம் அருகே, நம் வாழ்க்கையின் எல்லைக்குள் வந்துவிட்டவருக்குக் கடன் உண்டு என்கிறார் அவர். விழுகிறவனின் கண் தன் கண்ணைச் சந்தித்திருக்கும் என்ற எண்ணத்திலிருந்தே அந்த அண்மை பிறக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு தமிழ்ச் சொல் நினைவுக்கு வந்தது. கண்ணோட்டம். இன்று நாளிதழ்களில் ‘பொருளாதாரக் கண்ணோட்டத்தில்’ என்றெல்லாம் எழுதி அதை வெறும் பார்வைக் கோணம் ஆக்கிவிட்டார்கள். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அங்கே அதன் பொருள் வேறு. பழகியவரைக் கண்டால் கண் அவர்மேல் ஓடும். ஓடிய கண்ணால் மறுக்க முடியாது. பார்த்துவிட்டதனாலேயே உண்டாகும் இரக்கம் அது. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில் அதை வைத்ததும் காரணத்தோடுதான். குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவனுக்கு அது தேவை என்பதால்.

இசபெலின் துப்பறிதலை நான் அப்படித்தான் படித்தேன். சாதாரணத் துப்பறிவாளர் தடயத்தைப் பார்க்கிறார். இவருடைய கண் ஆளின்மேல் ஓடிவிடுகிறது. அதனால்தான் சந்தேகத்துக்கு உரியவர் எதிரே உட்கார்ந்து தேநீர் ஊற்றும்போது, ‘இவனுக்கும் தூக்கம் வந்திருக்காதே’ என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். துப்பறிவதற்கு இது பெரிய ஊனம். பெரியவர் ஏமாற்றம் அடைந்ததில் வியப்பில்லை. வழக்கறிஞர் ஏற்க மறுக்கும் அந்தக் கடைசி முடிவும் இதனால் விளைந்ததுதான். அதை நான் சரி என்றும் சொல்லவில்லை. அதே அதிகாரத்தைக் கற்பிக்கும்போதெல்லாம், அதற்குச் சற்று முன்னால் செங்கோன்மை இருக்கிறது என்று மாணவர்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம்.

ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். இளைஞன் விழுந்ததை இசபெல் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. காட்சி அவரிடம் வந்தது. டோபியைப் பார்த்தது அப்படியன்று. கண்ணை இவரே அனுப்பினார். முதலாவதில் கண்ணோட்டம், இரண்டாவதில் வேவு. பொய் சொல்லலாமா என்ற கேள்விக்கு, கொலைகாரனிடத்தும் உண்மையே சொல்ல வேண்டும் என்று 1797இல் ஒரு கட்டுரை எழுதிய ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட்டை இசபெல் போன்றவர்கள் நன்றாக அறிவார்கள். குற்றம் இல்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்ற குறளை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். இரண்டுமே சொல்லைப் பற்றியவை. நீ கேட்பதோ சொல்லாமல் இருப்பதைப் பற்றி. படித்துவிட்டுப் படிக்காததுபோல் ‘நல்லா இருக்கீங்களா’ என்பதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். கேள்வியில் பொய் இல்லை. அந்த அம்மாளின் பதிலை நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறாயே, அங்கேதான் இருக்கிறது. அவர் தம் நோயை மறைப்பதற்கு உரிமை உள்ளவர். ஆகவே அந்த முகத்தை அவருக்காக நீ வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண் சொன்ன வழியும் அதற்கு முரணானதன்று.

பசூன் கேட்டவள் எழுதியது:

மூன்றாவது கேள்வியை யாருமே தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். காதலைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம் போலிருக்கிறது.

ஜேமி வாசிப்பது பசூன் என்ற நீளமான மரக் குழல்வாத்தியம். ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவாக இருக்கும், அடித்தொண்டையில் பேசும் பெரியவரைப்போல ஒலிக்கும். இசைக்குழுவில் அது முன்வரிசை வாத்தியம் அன்று. ஆனால் அது இல்லாவிட்டால் அடியில் ஏதோ காலியாக இருப்பது தெரியும். நாவலாசிரியரே பசூன் வாசிப்பவர். எடின்பரோவில் 1995இல் நண்பர்களோடு சேர்ந்து, ‘உண்மையிலேயே படுமோசமான இசைக்குழு’ என்ற பொருள்படப் பெயர் வைத்துக்கொண்ட அமெச்சூர் குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தன் வாத்தியத்தைத் தூக்கிக் காதலனிடம் கொடுத்திருக்கிறார் என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

அன்பு எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஜேமி இசபெலைப் பார்க்க வருவது கேட்டைப் பற்றிக் கேட்பதற்கு. அவள் திரும்பி வருவாளா என்பதே அவனுடைய ஒரே கேள்வி. அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே, அவன் பாட, இசபெல் பியானோ வாசிக்கிறார். பக்கவாத்தியக்காரர் பாடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவன் மூச்சு விடும் இடம் தெரிந்திருக்க வேண்டும், அவன் இழுத்தால் இழுக்க வேண்டும். காதல் என்ற சொல்லே வராமல் இத்தனை நெருக்கத்தைக் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தமிழாசிரியர் ஐயா சொன்ன கண்ணோட்டம் இங்கேயும் வேலை செய்கிறது. ஆனால் இங்கே இசபெல் அதற்குப் பயப்படுகிறார்.

கேட்டிடம் டோபியைப் பற்றிச் சொல்வதில் உள்ள உண்மையான சிக்கலும் இதுதான் என்பது என் கருத்து. டோபி விலகினால் ஜேமி திரும்ப வரலாம். ஜேமி கேட்டிடம் திரும்பிப் போய்விட்டால் இசபெலின் பியானோவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அது கேட்டின் நன்மைக்காகவா, ஜேமியின் மகிழ்ச்சிக்காகவா. சொல்லக் கூடாது என்று தோன்றினால் அது அறத்தினாலா, ஆசையினாலா? தன் நோக்கத்தைத் தானே சந்தேகிக்கும் துப்பறிவாளர் அவர். நான் படித்த மர்மக் கதைகளில் குற்றவாளியின் நோக்கத்தைத்தான் தேடுவார்கள்.

வயது வித்தியாசத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் நூலில் அந்த அன்பு சொல்லப்படாமலே நிற்கிறது. 2005இல் வந்த இரண்டாம் நூலில், இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், தாம் அறியாத ஒரு முகம் தம் மனத்தில் தோன்றுவதாகச் சொல்ல, இசபெல் அதன் பின்னால் போகிறார். அப்போதும் ஜேமி நண்பன் மட்டுமே. 2006இல் வந்த மூன்றாம் நூலில்தான் இருவரும் இணைகிறார்கள். அதன் விலையாக கேட்டின் கோபத்தையும் இசபெல் நெடுங்காலம் தாங்க வேண்டியிருக்கிறது. அவசரப்படாமல் மூன்று நூல்கள் காத்திருக்க வைத்ததால்தான் எனக்கு அது நம்பும்படியாக இருந்தது. நாற்பதைத் தாண்டிய பெண் ஒருத்திக்கு, ‘இனி எனக்கு இது இல்லை’ என்று முடிவு கட்டியபின் ஒன்று நடந்தால், அதை நம்புவதற்கு அவளுக்கே அத்தனை காலம் ஆகும்.

மாடிவீட்டு வாசகி எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தமிழாசிரியர் ஐயாவின் பதிலை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தோம். வழக்கறிஞர் ஐயாவின் கேள்விக்கு வாக்கெடுப்பு நடத்தினோம். நால்வர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை புளிக்காய்ச்சல் கிண்டினேன். அளவு கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று சொல்லி ஒரு பாட்டிலில் எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். அதிகமாகத்தான் கிண்டியிருந்தேன், ஆகவே அது பொய் அன்று. அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ‘அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தில் இருக்கிற செய்முறையா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘உட்காருங்களேன், காப்பி போடுகிறேன்’ என்றார். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

கிளம்பும்போது, எட்டுப் பேரும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டு நாவலை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நூல் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். அவர் வேகமாகப் படிக்கிறவர்.